வியாழன் இரவில் சொன்னவை

(நீலகிரி எமரால்டில் லெந்து காலத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனைக்கு ஏழு பேச்சாளர்களைப் பிடிப்பது நம் சபைகளில் ஒரு பெரிய வேலை. சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். முதல் வார்த்தை கிடைத்தவர் மன்னிப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிடுவார். ஏழாம் வார்த்தைக்காரருக்குப் பத்து நிமிடம் மிஞ்சினால் அது அவர் பாக்கியம். எப்படியோ மூன்று மணிக்குள் முடித்துவிடுவோம். ஏழு வார்த்தையும் நமக்கு மனப்பாடம்.

அதற்கு முந்தின இரவு சொன்னவை? யோவான் எழுதிய சுவிசேஷத்தில் மொத்தம் 21 அதிகாரங்கள். அதில் 13 முதல் 17 வரை ஐந்து அதிகாரங்கள் ஒரே ஓர் இரவின் பேச்சு. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. மூன்றாண்டு ஊழியத்தில் எத்தனையோ நடந்திருக்க, யோவான் இந்த ஒரு சாப்பாட்டு வேளைக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறார். நாமோ பெரிய வியாழன் ஆராதனையைச் சீக்கிரம் முடித்துக்கொள்கிறோம். மறுநாள் வெள்ளிக்கிழமை நீளம் அல்லவா!

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. வெள்ளிக்கிழமை வார்த்தைகளைக் கேட்டால் அழுகை வருகிறது; அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். வியாழன் வார்த்தைகள் அப்படி விடாது. அவை கூடவே இருந்து, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாக நடந்தவர்களிடம் சொன்னவை. ஊருக்குச் சொன்ன உபதேசமல்ல, வீட்டுக்குள் பேசிய பேச்சு. அதனால்தான் அந்தப் பக்கம் நாம் அதிகம் போவதில்லை என்று நினைக்கிறேன். இன்று அந்தப் பக்கம் போவோம்.

லூக்கா ஒரு செய்தி சொல்கிறார். படிக்கிறபோதே கூச்சமாக இருக்கும். அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தாயிற்று, பாத்திரத்தைக் கொடுத்தாயிற்று, என்னைக் காட்டிக்கொடுக்கிறவன் இதே மேசையில் இருக்கிறான் என்றும் சொல்லியாயிற்று. அடுத்து என்ன நடந்தது? சீடர்களுக்குள் யார் பெரியவன் என்று சண்டை. நாளைக்குச் சாகப்போகிறவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். இவர்கள் பதவிக்கு அடித்துக்கொள்கிறார்கள். பாஸ்டரேட் கமிட்டித் தேர்தலை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று யாரும் வருத்தப்பட வேண்டாம்; முதல் இராப்போசனத்திலேயே ஓட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

அவர் அதட்டவில்லை. உலகத்து அரசர்களைப் பாருங்கள் என்றார். அவர்கள் மக்கள்மேல் அதிகாரம் செய்கிறார்கள், அப்படிச் செய்கிறவர்களுக்கு உபகாரி என்று பட்டமும் கிடைக்கிறது. உங்களுக்குள் அது நடக்கக் கூடாது, பெரியவன் பந்தி பரிமாறுகிறவனைப் போல இருக்கட்டும், நானே உங்கள் நடுவில் அப்படித்தான் இருக்கிறேன் என்றார். அந்த உபகாரிப் பட்டம்தான் என் கண்ணில் படுகிறது. நம் ஆலயங்களில் பெஞ்சுக்கு ஒரு பெயர், மின்விசிறிக்கு ஒரு பெயர், வாசல் கல்லில் பத்துப் பெயர். ட்யூப் லைட்டில் உபயம் எழுதியே பாதி வெளிச்சத்தை மறைத்துவிட்ட சபைகளும் உண்டு. கொடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை, கொடுக்கட்டும். ஆனால் உபகாரி என்ற பட்டத்தை அன்றிரவு அவர் எந்த வரிசையில் வைத்துப் பேசினார் என்பதை, அடுத்த கல்வெட்டு வைக்கும்போது ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

அந்தச் சண்டைக்கு யோவானும் ஒரு பதில் வைத்திருக்கிறார், வேறு விதமாக. யோவானின் விருந்தில் அப்பமும் பாத்திரமும் வருவதில்லை. மற்ற மூவரும் அதை எழுதிவிட்டார்கள். அந்த இடத்தில் யோவான் ஒரு தண்ணீர்ப் பாத்திரத்தையும் ஒரு துண்டையும் வைக்கிறார். இங்கே உள்ள படுகர் ஊர்களான ஹட்டிகளில் பெரியவரைக் கண்டால் சின்னவர் தலை குனிவார், பெரியவர் தலையைத் தொட்டு வாழ்த்துவார். அழகான வழக்கம். அன்றிரவு பெரியவர் குனிந்தார், சின்னவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேதுருவுக்குப் பொறுக்கவில்லை. என் கால்களை ஒருக்காலும் கழுவக் கூடாது என்று தடுத்தார். அதைத் தாழ்மை என்றுதான் நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். அதில் ஒரு பயமும் இருந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. தலைவன் குனிந்தால் அடுத்து நானும் குனிய வேண்டுமே!

இன்னொன்றையும் கவனியுங்கள். யூதாஸ் அப்போது அந்த அறையில்தான் இருந்தான். வெளியே போனது பிறகுதான். அவனுடைய கால்களும் கழுவப்பட்டன. எங்கே போகப்போகிற கால்கள் என்று தெரிந்தே கழுவினார்.

2013-ம் ஆண்டு போப் பிரான்சிஸ் பெரிய வியாழன் அன்று ரோமிலுள்ள சிறார் சிறைக்குப் போய்க் கைதிகளின் கால்களைக் கழுவினார். அவர்களில் பெண்களும் இருந்தார்கள், இஸ்லாமியரும் இருந்தார்கள். உலகமே பேசியது. நம் ஊர்களிலும் பாதம் கழுவும் சடங்கு நடக்கிறது. முன்பே பெயர் கொடுத்த பன்னிரண்டு பேர், வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவி, புதுச் செருப்பு மாட்டிக்கொண்டு வருவார்கள். சாமியாரின் துண்டில் ஒரு துளி அழுக்குப் படாது. கேரட் தோட்டத்துச் சேற்றோடு வருகிறவரை யாரும் அந்தப் பன்னிரண்டில் சேர்ப்பதில்லை.

இனி பாத்திரத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அந்தக் கிண்ணத்தைக் கொடுக்கும்போது நீங்கள் எல்லாரும் குடியுங்கள் என்றார். எல்லாரும். மத்தேயு அதைத் தெளிவாக எழுதியிருக்கிறார். இந்தக் கட்டளை தமிழ்நாட்டுக்கு வந்து என்ன ஆயிற்று?

தரங்கம்பாடியில் 1706-ல் சீகன்பால்க் வந்திறங்கினார். 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் நிற்கிறது. அந்தக் காலத்துச் சபைகளில் சாதிக்கு ஓர் இடமென்று பிரிந்து உட்கார்ந்தார்கள். நற்கருணைப் பாத்திரத்தையும் ஒரு சாரார் முதலில், மற்றவர் பிறகு என்று வரிசை வைத்து வாங்கினார்கள். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் இது இனி செல்லாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரில் பெருங்கொந்தளிப்பு. பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். எத்தனையோ அருமையான கீர்த்தனைகளைத் தமிழ்ச் சபைக்குக் கொடுத்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் அந்த உத்தரவை எதிர்த்தார். சாஸ்திரியார் பாட்டில்லாமல் நமக்குக் கிறிஸ்துமஸும் இல்லை, லெந்தும் இல்லை. அவருக்கே எல்லாரும் என்ற இந்த ஒரு சொல் தொண்டையில் இறங்கவில்லை. பாட்டை வைத்துக்கொள்வோம், இந்த எதிர்ப்பையும் மறைக்காமல் வைத்துக்கொள்வோம்.

கத்தோலிக்கச் சகோதரர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்று ஓர் ஊர். 1872-ல் அங்கே கட்டிய ஆலயத்தின் அமைப்பே விசித்திரம். ஒரே பீடம், அதிலிருந்து இரண்டு பக்கமாகப் பிரிந்து நீளும் இரண்டு மண்டபங்கள். பீடத்தில் நிற்கிற சாமியாருக்கு இரண்டு பக்கத்து மக்களும் தெரிவார்கள். மக்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள்! 1910-ல் அங்கிருந்த தடுப்பை அகற்றியபோது கலவரம் வந்தது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. தனி இடம் எங்கள் உரிமை என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை.

அதே 1910-ம் ஆண்டு, கடலுக்கு அப்பால், நம் திருநெல்வேலிப் பிள்ளை ஒருவர் எழுந்து நின்றார்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 ஆகஸ்டில் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். ஊர் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. தகப்பனார் கிராமத்து ஆங்கிலிக்கன் குருவானவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார், ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராக வேலை செய்தார். 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். இந்தியக் காசு, இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம், அவர் விருப்பம் அதுதான். 1909-ல் சொந்த மண்ணை விட்டுத் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் என்ற இடத்துக்கு மிஷனரியாகப் போனார். மறு ஆண்டு ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள். ஆசியாவிலிருந்து போனவர்கள் இருபது பேர்கூட இல்லை. அவர்களில் ஒருவர் 35 வயது அசரியா.

வெளிநாட்டு மிஷனரிகளும் இந்திய ஊழியர்களும் பழகும் விதத்தைப் பற்றி அவரைப் பேசச் சொன்னார்கள். நன்றி சொல்லி இரண்டு உபசார வார்த்தை பேசிவிட்டு இறங்கியிருக்கலாம். அவர் இறங்கவில்லை. இந்தியாவில் மிஷனரிக்கும் உள்ளூர் ஊழியனுக்கும் நடுவே ஒரு தூரம் இருக்கிறது, ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போய்வரும் பழக்கமில்லை, மனம்விட்டுப் பேச்சில்லை, முதலாளியும் சம்பளக்காரனுமாக இருக்கிறோம் என்று அந்தக் கூட்டத்தின் முகத்துக்கு நேரே சொன்னார். கடைசியில், நீங்கள் செய்த தியாகங்களை வருங்காலச் சபை நன்றியோடு நினைக்கும், உடைமையையும் உடலையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு வேண்டியது அன்பு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற பொருளில் கேட்டு முடித்தார். கூட்டத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். சிலருக்கு மனம் உடைந்தது. நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்த மாநாட்டில் பேசப்பட்ட எல்லாவற்றிலும் உலகம் திரும்பத் திரும்ப நினைப்பது அந்த ஒரு வேண்டுகோளைத்தான்.

அசரியா புதிதாக எதையும் கேட்டுவிடவில்லை. வியாழன் இரவின் பாக்கியைக் கேட்டார். யோவான் 15-ம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்கிறார்: இனி உங்களை வேலைக்காரர் என்று அழைக்க மாட்டேன், எஜமான் செய்வது வேலைக்காரனுக்குத் தெரியாது, உங்களை நண்பர் என்கிறேன், ஏனென்றால் பிதாவிடம் நான் கேட்ட எல்லாவற்றையும் உங்களிடம் சொல்லிவிட்டேன்.

காரணத்தைப் பார்த்தீர்களா? நண்பன் யார் என்பதற்கு அவர் வைத்த அளவு, பாசம் காட்டுவதல்ல, பரிசு கொடுப்பதுமல்ல. விஷயத்தைச் சொல்லுவது. யாருக்குச் சொல்கிறோமோ அவன் நண்பன், யாருக்கு மறைக்கிறோமோ அவன் வேலைக்காரன். மலைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிறு விவசாயி தேயிலைக் கொழுந்தைப் பறித்துத் தொழிற்சாலைக்குப் போட்டுவிட்டு, இந்த மாதம் என்ன விலை வரும் என்று காத்துக் கிடக்கிறார். 1963 முதல் குன்னூரில் தேயிலை ஏலம் நடக்கிறது, பக்கத்து ஊர்தான். ஆனால் ஏலத்தில் விலை எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்பது தோட்டத்தில் நிற்பவருக்கு எட்டுவதில்லை. எஜமான் செய்வது அவருக்குத் தெரியாது.

அதே கேள்வியைச் சபைக்குள் கொண்டுவருகிறேன், கோபப்படக் கூடாது. சபைக் கணக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? நிலம் விற்றால் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது? காணிக்கை போடுகிற கிழவிக்குக் கணக்கு வாசிக்கப்படுகிறதா? வாசிக்கப்பட்டால் அவளை நண்பராக வைத்திருக்கிறோம். இல்லையென்றால் வேலைக்காரியாக. வியாழன் இரவின் கணக்கு அப்படித்தான் வருகிறது.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சில குடும்பங்களின் கதை 1964 அக்டோபர் 30-ல் தொடங்குகிறது. அன்றுதான் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவாயிற்று. இலங்கைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களைக் கேட்டுச் செய்த முடிவல்ல அது. எஜமானர்கள் பேசிக்கொண்டார்கள், வேலைக்காரருக்குத் தெரியாது. கப்பல் ஏறி வந்தார்கள். 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டத்தில், இன்று டான்டீ என்கிறோமே, அதில் பலருக்கு வேலை கிடைத்தது. நீலகிரிக்கு வந்தும் அவர்களுக்குச் சிலோன்காரர் என்றுதான் பெயர். அங்கே இந்தியாக்காரர், இங்கே சிலோன்காரர். அவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நம் மலைச் சபைகளில் அவர்களுக்கு எந்த பெஞ்சில் இடம் கிடைத்தது? வயதில் மூத்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்குத்தான் தெரியும். இளையவர்கள் இன்றிரவு அவர்களிடம் கேளுங்கள்.

ஊட்டி புனித ஸ்தேவான் ஆலயத்துக்குப் போயிருப்பீர்கள். 1830-ல் பிரதிஷ்டை செய்தது, ஆங்கிலேயருக்காகக் கட்டியது. திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனை மரங்களைக் கொண்டுவந்து உத்தரங்களாக ஏற்றினார்கள். அதன் மேற்குச் சுவரில் கடைசி இராப்போசனத்தின் பெரிய ஓவியம் இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அந்த மேசையைச் சுவரில் வரைவது சுலபம். எந்த ஊர்ச் சபைக்கும் அதைத் தரையில் போடுவதுதான் கடினமாக இருந்திருக்கிறது.

சரி, விருந்து முடிந்து தோட்டத்துக்குப் போனார்கள். கெத்செமனே நிகழ்ச்சியை விரிவாகச் சொல்லப்போவதில்லை, உங்களுக்குத் தெரிந்ததுதான். நண்பர் என்று அழைத்தவர் அங்கே தானே நண்பர்களிடம் கேட்டார். என் மனம் சாகும் அளவுக்குத் துக்கப்படுகிறது, என்னோடு விழித்திருங்கள் என்றார். கூட இருங்கள், அவ்வளவுதான். அவர்கள் தூங்கிவிட்டார்கள். நம் பக்தியில் நாம் எப்போதும் அவரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அவர் கேட்டது ஒன்று இருக்கிறது, அது மறந்துபோகிறது. பக்கத்து லயன் வீட்டில் புற்றுநோயோடு படுத்திருப்பவரிடம் ஜெபித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறோமே, எண்ணெய் தடவி, வசனம் சொல்லி, காப்பியும் குடித்துவிட்டு. அவருக்கு வேண்டியது ஒரு மணி நேரம்.

பிடிக்க வந்தவர்களோடு யூதாஸ் வந்து முத்தமிட்டபோதும் அவனை நண்பனே என்றுதான் விளித்தார். கேலி அல்ல என்று நம்புகிறேன். மேசையில் மற்றவர்களுக்குக் கொடுத்த பெயரை அவர் அவனுக்கும் மறுக்கவில்லை. பேதுரு வாளை எடுத்து மல்குஸ் என்ற வேலைக்காரனின் காதை வெட்டினார். தலைமை ஆசாரியனை வெட்டவில்லை, சேனாபதியை வெட்டவில்லை. கோபம் வந்தால் கைக்கு எட்டுகிற ஏழையின் மேல்தான் வாள் இறங்குகிறது. அந்தக் காதைத் தொட்டுச் சுகமாக்கினார் என்கிறார் லூக்கா.

அதற்கு முன்பே ஆண்டவர் படைவீரர்களிடம் ஒன்று சொல்லியிருந்தார். என்னைத்தானே தேடுகிறீர்கள், இவர்களைப் போகவிடுங்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு, அவரைப் பிடித்து முதலில் கொண்டுபோன பிரதான ஆசாரியர் அன்னாவின் வீட்டுக்கு வாருங்கள்.

யோவான் 18-ம் அதிகாரம். அன்னா இரண்டு விஷயம் விசாரிக்கிறார்: உன் சீடர்கள் யார், உன் போதகம் என்ன. இயேசு போதகத்தைப் பற்றி விவரமாகப் பதில் சொல்கிறார். நான் வெளியரங்கமாகத்தான் பேசினேன், ஜெப ஆலயத்திலும் தேவாலயத்திலும் பேசினேன், கேட்டவர்களையே விசாரியுங்கள் என்கிறார். சீடர்களைப் பற்றி? ஒரு வார்த்தை இல்லை. ஒரு பெயர் இல்லை. பலமுறை இந்தப் பகுதியை வாசித்திருப்பீர்கள். கேள்வி இரண்டு, பதில் ஒன்றுக்குத்தான் என்பது கண்ணில் பட்டிருக்காது. நண்பர்களின் பெயரை அவர் சொல்லவில்லை. அதே நேரத்தில் வெளி முற்றத்தில் குளிர் காய்ந்துகொண்டிருந்த நண்பர் பேதுரு, எனக்கு அவரைத் தெரியவே தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது சேவகன் ஒருவன் இயேசுவின் கன்னத்தில் அறைந்தான். பிரதான ஆசாரியருக்கு இப்படியா பதில் சொல்வது என்றான். இப்போது அவர் மறு கன்னத்தைக் காட்டவில்லை. நான் சொன்னது தப்பென்றால் தப்பை நிரூபி, சரியென்றால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். திருப்பி அடிக்கவில்லை. வாயை மூடிக்கொள்ளவும் இல்லை.

தேயிலைத் தோட்டங்களில் இந்தப் பகுதி அதிகம் பிரசங்கிக்கப்படவில்லை. பொறுமையாக இரு, ஆண்டவரும் வாய் திறக்காமல் அடி வாங்கினார் என்றுதான் தொழிலாளிக்குச் சொல்லப்பட்டது. பி. எச். டேனியல் என்ற மருத்துவர் வால்பாறைத் தோட்டங்களில் வேலை செய்தவர், பிறகு தொழிற்சங்கத்தில் இறங்கியவர். அங்கே கேட்டறிந்த கொடுமைகளை வைத்து 1969-ல் 'ரெட் டீ' என்ற நாவலை ஆங்கிலத்தில் எழுதினார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்திருக்கிறார். ஆசை காட்டி மலைக்குக் கூட்டிப்போகும் மேஸ்திரி, தீராத கடன், குளிர், காய்ச்சல், அடி. ஆனைமலைக் கதைதான், ஆனால் நம் மலைக்காரர் யாருக்கும் அந்நியமாக இருக்காது. அந்த நாளில் அடித்தவனைப் பார்த்து ஏன் அடிக்கிறாய் என்று கேட்க வழியே இருக்கவில்லை. 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகு வீடு, மருத்துவம், குடிநீர் என்று கேட்க ஒரு தாள் கைக்கு வந்தது. கேட்பவன் பெயரைத் தோட்டத் துரை பட்டியல் போட்டுக்கொள்வான் என்ற பயம் அப்புறமும் இருந்தது. யார் யார் உன்னோடு சேர்ந்தது என்ற கேள்விக்குப் பெயர் சொல்லாமல் நின்ற சாதாரண ஆட்கள் எல்லா மலையிலும் இருந்திருப்பார்கள். அவர்களில் பலர் பைபிளைத் தொட்டிருக்கக்கூட மாட்டார்கள். அன்னாவின் வீட்டில் நடந்ததை அவர்கள் நம்மைவிட நன்றாக விளங்கிக்கொண்டவர்கள் என்பேன்.

கடைசியாக அன்றிரவு அவர் செய்த ஜெபம். தோட்டத்துக்குப் போகுமுன், எல்லாரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பிதாவிடம் வேண்டினார். அந்தச் சீடர்களுக்கு மட்டுமில்லை, அவர்கள் பேச்சைக் கேட்டு இனி விசுவாசிக்கப்போகிறவர்களுக்கும் சேர்த்து. அதில் நாமும் வருகிறோம். தென்னிந்தியத் திருச்சபையின் சின்னத்தில், தாமரையோடும் சிலுவையோடும் கூட, அந்த ஜெபம்தான் பொறித்திருக்கிறது. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடி, பிரிந்துகிடக்கும் சபைகள் இணைய வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டவர்களின் முன்னணியில் நின்றவர் அதே அசரியா. அப்போது அவர் தோர்ணக்கல் பேராயர். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக ஆனவர். இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் சபைகளின் இணைப்புக்காகப் பேசினார், எழுதினார். 1945 ஜனவரி முதல் நாள் காலமானார். 1947 செப்டம்பர் 27-ல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக இணைப்பு நடந்தபோது அவர் இல்லை.

ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் என்ற வெளிநாட்டுப் பிரிவுகள் அன்றைக்கு ஒன்றாயின. நம்முடைய சொந்தப் பிரிவுகள் ஒன்றாகவில்லை. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டம் ஏறையூரில் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களுக்குள் சாதி மோதல் வெடித்தது. தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள், ஏனென்றால் பொதுப் பங்கில் அவர்களுக்குச் சவ ஊர்வலப் பாதைகூடத் தனியாக இருந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒரே பங்கைச் சேர்ந்த ஊர். சீர்திருத்தச் சபைகளில் துப்பாக்கி வரைக்கும் போவதில்லை. பேராயர் தேர்தலோடும் நீதிமன்றத்தோடும் நிறுத்திக்கொள்கிறோம். கல்யாண விளம்பரத்தில் கிறிஸ்தவர் என்று எழுதிவிட்டுப் பக்கத்திலேயே உட்பிரிவையும் எழுதுகிறோம். அந்த ஜெபத்துக்குப் பதில் தர வேண்டியவர் பிதா மட்டும்தான் என்று இருந்துவிட்டோமோ?

ஆயர் ஐயாவிடமும் கமிட்டியிடமும் ஒரு விண்ணப்பம் வைத்துவிட்டு முடித்துக்கொள்கிறேன். வருகிற பெரிய வியாழன் திருவிருந்து முடிந்த பிறகு ஆலயத்திலேயே எல்லாருக்கும் ஒரு சாப்பாடு போடுங்கள். சோறும் சாம்பாரும் அவரைக்காயும் போதும். யார் பக்கத்தில் யார் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள். குடும்பம் குடும்பமாக உட்கார வேண்டாம். கமிட்டி உறுப்பினர்கள் இலை போடட்டும், ஆண்கள் பரிமாறட்டும். தாய்மார்கள் அன்றைக்கு ஒரு நாள் உட்கார்ந்து சாப்பிடட்டும். சாப்பாடு முடிந்ததும் பொருளாளர் அந்த ஆண்டின் வரவு செலவை நிதானமாக, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசிக்கட்டும். சந்தேகம் கேட்பவரை யாரும் முறைக்க வேண்டாம். அரிசிக்கு எவ்வளவு ஆகும் என்று இன்றிரவே பேசி வைத்துக்கொண்டால், அதற்குள் ஏற்பாடு செய்துவிடலாம்.